அக்கா உட்கார்ந்திருந்த ஒரு நாள்

1

போன வாரம் மதிய இடைவேளையில், என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரப் பெண் ஒருத்தி எதிரே வந்து உட்கார்ந்து கைப்பேசியை நீட்டினாள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது அவளுடைய விமானம் ரத்தாகி, ஒரு நாள் கழித்துத்தான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறாள். "இந்தக் கடிதமெல்லாம் உனக்குத்தான் எழுதத் தெரியுமாமே" என்றாள்.

எந்த நாட்டு நிறுவனம் என்று கேட்டேன். ஐரோப்பிய நிறுவனம்தான். அப்படியென்றால் நட்டஈடு கேட்கலாம் என்றேன். ஐரோப்பாவிலிருந்து புறப்படுகிற எந்த விமானத்துக்கும் இந்த விதி பொருந்தும். வெளியிலிருந்து ஐரோப்பாவுக்குள் வருவதென்றால் ஐரோப்பிய நிறுவனத்தின் விமானமாக இருக்க வேண்டும். தூரம் மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் ஆளுக்கு அறுநூறு யூரோ. காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடும் தங்குமிடமும் தனி. தங்கள் கையை மீறிய சூழ்நிலை என்று நிறுவனம் காட்டிவிட்டால் மட்டும் அந்த அறுநூறு கிடையாது. இதையெல்லாம் பார்க்காமல் சொல்கிற அளவுக்கு எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

கடிதத்தை அங்கேயே எழுதிக் கொடுத்தேன். பதினைந்து நிமிடம் ஆனது. "உனக்குக் கிடைத்ததா?" என்று கேட்டாள். கிடைத்தது என்றேன். "அப்போ நல்லா முடிஞ்சது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். மேல்மாடியில் மணி அடித்தது, நானும் எழுந்து போனேன். நல்லபடியாக முடிந்ததா என்பதை யாரிடமும் நான் முழுதாகச் சொன்னதில்லை. ஊரில் இருப்பவர்களுக்கு எழுதுவது சுலபமாக இருக்கிறது. நாளைக்குக் காலையில் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

2

என் அக்கா அஞ்சலை என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். அம்மா இறந்தபோது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பா அதற்கு முன்பே இல்லை. அன்றிலிருந்து கச்சிராயபாளையத்தைச் சுற்றி எந்தக் கொல்லையில் கரும்பு வெட்டு என்றாலும், எந்தக் கழனியில் நடவு என்றாலும் அக்கா போனாள். நான் நர்சிங் படித்தது அந்தக் கூலியில். ஜெர்மன் மொழித் தேர்வுக்காகச் சென்னையில் விடுதியில் தங்கிப் படித்ததும் அந்தக் கூலியில்தான். நடுவில் அவளுக்குக் கல்யாணம் ஆகி, ஒரு மகன் பிறந்து, கணவர் காய்ச்சலில் போய்விட்டார். மகன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

அவளுடைய வீடு வாய்க்கால் புறம்போக்கில் இருக்கிறது. மலையில் மழை பிடித்தால் கோமுகி அணையைத் திறப்பார்கள். வாய்க்காலில் வரும் தண்ணீர் அவள் வீட்டுப் பின்சுவரை உரசிக்கொண்டு போகும். மழைக்காலத்தில் தண்ணீர், வெயில் காலத்தில் 'ஆக்கிரமிப்பை அகற்றுக' என்ற நோட்டீஸ். இரண்டும் தவறாமல் வரும். தன் பெயரில் பட்டாவோடு மூன்று சென்ட் இடம் வேண்டும் என்பதுதான் அக்காவுக்கு இருந்த ஒரே ஆசை. இருபது வருடமாகச் சீட்டுப் போட்டும், நான் அனுப்பியதைத் தொடாமல் வைத்தும் அதற்காகச் சேர்த்தாள்.

இடமும் அமைந்தது. சங்கராபுரம் போகிற ரோட்டில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில். கள்ளக்குறிச்சியில் இரும்புக் கடை வைத்திருக்கும் ஒரு பாய்க்கும், குவைத்தில் வேலை செய்யும் அவர் தம்பிக்கும் சொந்தமானது. தம்பி விடுமுறையில் ஊருக்கு வரும்போது இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாகப் பேச்சு. அக்கா முன்பணம் கொடுத்துவிட்டாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கனும் போட்டாயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணி. அன்று மாலையே பாயின் தம்பி சென்னைக்குக் கிளம்பி, இரவு விமானத்தில் குவைத் போக வேண்டும்.

அந்தச் சமயத்தில் அக்கா என்னோடு ஜெர்மனியில் இருந்தாள்.

3

எனக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. பதினெட்டு வருடமாகப் பெரிய உடம்புகளைக் கட்டிலிலிருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்த கால். என் கணவர் சரக்கு லாரி ஓட்டுகிறார். சனி ஞாயிறில்தான் வீட்டுக்கு வருவார். மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அக்காவை இரண்டு மாதத்துக்கு வரவழைத்தேன்.

அவள் வந்த மறுநாளே சமையலறை அவள் கைக்குப் போய்விட்டது. இந்த ஊர்க் கடையில் கிடைக்கிற தக்காளியை முகர்ந்து பார்த்து, "இன்னாடி இது, வாசனையே இல்ல" என்பாள். அதிலேயே ரசம் வைத்து என்னை ஒரு தட்டு கூடுதலாகச் சாப்பிட வைப்பாள். யாழினி அறைக்கதவை மூடிக்கொண்டு உள்ளே இருப்பாள். அக்கா கதவைத் தட்டாமல் திறந்து தட்டை வைத்துவிட்டு வருவாள். அதற்கு யாழினி கோபப்படவில்லை. நான் தட்டாமல் போனால் அரைமணி நேரம் சண்டை நடக்கும்.

ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்கியபோது, முழங்கால் இன்னும் சரியாகவில்லை என்று அக்காவிடம் சொன்னேன்.

"இன்னும் ஒரு பன்னெண்டு நாளு இருந்துட்டுப் போக்கா."

"பதிவு இருக்குதே, செல்வி."

"பதிவு செவ்வாக்கெழமதானே? நீ திங்கக்கெழம ராத்திரி சென்னைல எறங்கிடுவே. அங்கேந்து பஸ்ஸப் புடிச்சா காலைல எட்டு மணிக்குக் கள்ளக்குறிச்சி."

"சரியா வருமா?"

"வரும்க்கா. இங்க பிளேனெல்லாம் டயத்துக்குப் போவும்."

அவள் அடுப்பைத் தணித்தாள். "நீ சொன்னா சரி" என்றாள். நான் கட்டணம் கட்டி டிக்கெட்டைப் பன்னிரண்டு நாள் தள்ளிப் போட்டேன்.

4

மொழி தெரியாத பெரியவர்களை விமானத்தில் அனுப்பும்போது இங்கே நாங்கள் எல்லாரும் ஒரு வேலை செய்வோம். நடக்க முடியாதவர் என்று சொல்லிச் சக்கர நாற்காலி கேட்டுவிடுவோம். இடையில் விமானம் மாற வேண்டிய ஊரில் யாராவது தள்ளிக்கொண்டு போய் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள், வழி தவறாது. கரும்பு வெட்டுகிற என் அக்காவையும் அப்படித்தான் நாற்காலியில் உட்கார வைத்தேன். "கால் நல்லாத்தானேடி இருக்குது" என்று கூச்சப்பட்டுக் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். சும்மா உட்காருக்கா, யார் கேட்டாலும் எழுந்திருக்காதே என்று சொன்னேன்.

அந்தத் திங்கட்கிழமை காலை முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. அடுத்த ஊரில் சென்னை விமானம் அவளுக்காக நிற்கவில்லை. எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மறுநாள் காலை விமானத்துக்கு டிக்கெட் மாற்றப்பட்டிருக்கிறது, ஓட்டல் அறைக்கு இந்த இணைப்பை அழுத்தவும் என்று இருந்தது. இணைப்பு என் கைப்பேசியில் இருந்தது. அக்கா வேறொரு நாட்டில் இருந்தாள். அவளுடைய கைப்பேசி அங்கே வேலை செய்யவில்லை.

நிறுவனத்தைத் தொலைபேசியில் பிடிக்க நாற்பது நிமிடம் ஆனது. 'உதவி கேட்ட பயணி என்பதால் அவர் உதவிப் பிரிவின் பொறுப்பில் பாதுகாப்பாக இருப்பார்' என்றார்கள். எங்கே இருப்பாள் என்று கேட்டேன். அது விமான நிலையத்தின் வேலை என்றார்கள். விமான நிலையத்தைக் கேட்டால், அது நிறுவனத்தின் வேலை என்றார்கள்.

மாலை ஆறு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அக்காவின் கைப்பையில் நான் எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்து ஒரு ஊழியர் அழைத்திருக்கிறார். உடனே அக்காவிடம் கொடுத்தார்.

"செல்வி, நான்தான்."

"எங்கக்கா இருக்கே?"

"இங்கதான். ஒக்கார வெச்சிட்டுப் போனாங்க. ஒக்காந்துகினு இருக்கேன்."

"காலைலேந்தா? சாப்ட்டியா?"

"நீ கட்டிக் குடுத்த புளிசோறு இருந்திச்சி. ஒரு பொண்ணு தண்ணி குடுத்திச்சி."

"ஓட்டல்ல ரூம் குடுத்திருக்காங்கக்கா. அவங்ககிட்ட போனக் குடு, நான் பேசறேன்."

"வேணாம்டி. எங்கியாவது இட்டுகினு போயி வுட்டுட்டா திரும்பி வரத் தெரியாது. நான் இங்கியே கெடக்கறேன். காலைல பிளேன் இருக்குதுன்னு சைகை காட்டுனாங்க." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "பாய்க்குப் போன் பண்ணிட்டியா?"

பண்ணியிருந்தேன். அன்று காலையிலேயே. தம்பியிடம் பேசிப் பார்க்கிறேன் என்று பாய் சொல்லியிருந்தார். அதை அக்காவிடம் சொன்னேன். "சொல்லு சொல்லு, நான் வந்துகினே இருக்கேன்னு சொல்லு" என்றாள். இருபத்து நான்கு மணி நேரமும் அந்த நாற்காலியையும் அதன் பக்கத்துக் கழிப்பறையையும் தவிர அவள் வேறெங்கும் போகவில்லை. யார் கேட்டாலும் எழுந்திருக்காதே என்று சொன்னது நான்தான்.

5

செவ்வாய்க்கிழமை பாயும் தம்பியும் சார்பதிவாளர் அலுவலகத்தில் மூன்று மணி வரைக்கும் காத்திருந்தார்களாம். வாங்குகிறவர் இல்லாமல் பதிய முடியாது, கைரேகையும் போட்டோவும் அங்கேயே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தம்பி சென்னைக்குக் கிளம்பினார். அவருடைய விமானம் சரியான நேரத்துக்குப் புறப்பட்டது.

அக்கா புதன்கிழமை காலை கள்ளக்குறிச்சியில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் பெட்டியோடு இரும்புக் கடைக்கே போனாள். பாய் எழுந்து நின்று நாற்காலி போட்டாராம். தம்பியிடம் பவர் பத்திரம் வாங்கி எழுதித் தருகிறேன், கவலைப்படாதீங்கம்மா என்றாராம். அவர் மனசார சொன்னார் என்றுதான் நான் நம்புகிறேன். ஆனால் குவைத்தில் தூதரகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு அனுப்பத் தம்பிக்கு நான்கு மாதம் ஆனது. அதற்குள் அந்த ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. தம்பி இன்றைய விலை கேட்டார். அந்த விலைக்கு அக்கா எங்கே போவாள்? பாய் முன்பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்தார். கூடவே ஒரு டப்பா பிரியாணியும் கொடுத்து அனுப்பினாராம்.

"பாய் நல்லவருதான்" என்றாள் அக்கா. "பிரியாணி நல்லா இருந்திச்சி."

6

நான் நிறுவனத்துக்கு எழுத ஆரம்பித்தேன். முதல் கடிதத்தை யார் உதவியும் இல்லாமல் நானே எழுதினேன். ஜெர்மன் மொழியில் மன்னிப்புக்கும் நட்டஈட்டுக்கும் ஏறக்குறைய ஒரே ஓசை. என்ட்ஷுல்டிகுங் என்றால் மன்னிப்பு. என்ட்ஷேடிகுங் என்றால் நட்டஈடு. பத்து நாளில் பதில் வந்தது. ஏற்பட்ட சிரமத்துக்கு மனமார மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாகவும், உங்கள் சகோதரி அடுத்த முறை எங்களோடு பறக்கும்போது கட்டணத்தில் ஒரு சிறு தள்ளுபடி தருவதாகவும் எழுதியிருந்தார்கள்.

கோபத்தில் அதை யாழினியிடம் காட்டினேன். அவள் என்னுடைய கடிதத்தையும் வாங்கிப் படித்தாள்.

"அம்மா, நீங்க அறுநூறு யூரோவுக்கு ஸாரி கேட்டிருக்கீங்க. அவங்க ஸாரி சொல்லிட்டாங்க."

பதினெட்டு வருடம் இந்த மொழியில்தான் மாத்திரை கொடுக்கிறேன், மலம் துடைக்கிறேன், செத்தவர்களின் பிள்ளைகளுக்குத் தொலைபேசியில் சொல்கிறேன். ஒரு அசையில் வழுக்கிவிட்டது. யாழினி சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, "நான் எழுதறேன்" என்றாள்.

அவள் எழுதிய கடிதத்துக்குப் பதில் கறாராக வந்தது. அன்று காலை கடும் மூடுபனி, அசாதாரணச் சூழ்நிலை, எனவே நட்டஈடு பொருந்தாது. மேலும் பயணிக்குத் தங்குமிடம் அளிக்கப்பட்டது, அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

"பெரியம்மாட்டயே கேக்கலாம்" என்றாள் யாழினி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடியோ அழைப்பில் அக்காவைப் பிடித்துச் சமையலறை மேசை மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்தோம். யாழினி நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். நான் சொல்லாமல் அவளாகப் பெரியம்மாவோடு பேச உட்கார்ந்தது அன்றுதான்.

"பெரியம்மா, அன்னிக்குக் காலைல பனி இருந்துச்சா? வெளிய ஒண்ணும் தெரியாத மாதிரி?"

"பனியா? வெய்யிலு கண்ணக் கூசுச்சி. நான்தான் ஜன்னலு பக்கம் ஒக்காந்து இருந்தேனே. மூடியக் கீழ எறக்கலாம்னு பாத்தேன், எப்படின்னு தெரில."

"அப்போ பிளேன் ஏன் கெளம்பல?"

"ரெக்கைக்குக் கீழ ஒரு மூடிய தொறந்து ரெண்டு பேரு டார்ச்சு அடிச்சிப் பாத்துக்கினு இருந்தாங்க. மஞ்சக் கோட்டு. ஒருத்தரு ஏணி மேல, ஒருத்தரு கீழ. அப்பால இன்னொரு வண்டி வந்திச்சி. ஏதோ ஒண்ண கழட்டி எடுத்துகினு போயி வேற ஒண்ண மாட்டுனாங்க. நம்மூர்ல டிராக்டரு ரிப்பேரு பாப்பாங்களே, அப்டிதான்."

யாழினியின் பேனா நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள். இயந்திரக் கோளாறு என்றால் அது நிறுவனத்தின் பொறுப்பு. பனியின் பின்னால் ஒளிய முடியாது. அதே நேரத்தில் அதே நிலையத்திலிருந்து மற்ற விமானங்கள் எல்லாம் கிளம்பிப் போன விவரத்தையும் அவள் இணையத்தில் தேடி எடுத்தாள். எழுதப் படிக்கத் தெரியாத சாட்சி சொன்னதை, மஞ்சள் கோட்டும் ஏணியும் விடாமல், நல்ல ஜெர்மனில் இரண்டு பக்கம் எழுதி, பயணிகளின் புகாரைக் கேட்கும் சமரச அமைப்புக்கு அனுப்பினோம்.

அழைப்பை முடிக்கும் முன் அக்கா கேட்டாள்: "காசு எதுக்குக் குடுக்கறாங்க? எடம் போனதுக்கா?"

"இல்ல பெரியம்மா, லேட்டானதுக்கு."

"ஒக்காந்துகினு இருந்ததுக்கா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாள் பூரா வெட்டுனாலே கூலிக்கு நிக்க வெப்பான். சும்மா ஒக்காந்ததுக்கு யாராவது குடுப்பாங்களா? அப்போ எடத்துக்கு?"

இடத்துக்கு யாரும் தரமாட்டார்கள் என்று யாழினிக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் சொன்னேன். நஷ்டத்தைத் தனியாகக் கேட்கலாம். ஆனால் டோக்கன் சீட்டையும் பாயின் வாய்ச்சொல்லையும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று இலவச ஆலோசனை மையத்தில் ஒரு வக்கீல் கையை விரித்துவிட்டார். கடற்கரைக்குப் போக ஒரு நாள் பிந்தினவருக்கும் அக்காவுக்கும் விதியில் ஒரே தொகைதான்.

அன்று மாலை நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். யாழினி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, டிக்கெட்ட மாத்தினது நீங்கதானே?"

"ஆமா."

"டாக்டர் அதுக்கு முன்னாடியே நீங்க ஸ்டிக் இல்லாம நடக்கலாம்னு சொன்னார். நான்தானே உங்ககூட வந்தேன்."

நான் குழாயை மூடினேன். அவள் குற்றம் சாட்டவில்லை. துடைத்த தட்டுகளை அடுக்கிவிட்டு அறைக்குப் போனாள். கதவு மூடிக்கொண்டது.

அவள் சொன்னது உண்மைதான். முழங்காலுக்காக நான் அக்காவை நிறுத்தவில்லை. வேலைக்குப் போகாமல், காலை நீட்டி உட்கார்ந்து, சமையலறையில் அக்கா தனக்குத் தானே பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது சுகமாக இருந்தது. ஒன்பது வயதில் கிடைத்த அந்தச் சுகம் நாற்பத்து மூன்று வயதில் இன்னும் பன்னிரண்டு நாள் வேண்டியிருந்தது. அதற்காகப் பொய் சொன்னேன். விமான நிறுவனத்தோடு அவ்வளவு மூர்க்கமாகச் சண்டை போட்டதன் காரணம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

7

பதினான்கு மாதம் கழித்து நிறுவனம் இறங்கி வந்தது. 'எந்தச் சட்டப் பொறுப்பையும் ஏற்காமல்' என்று தொடங்கி அறுநூறு யூரோவுக்குச் சம்மதித்தார்கள்.

அதை வாங்குவதற்கு இன்னும் இரண்டு மாதம். டிக்கெட் யார் வாங்கினாலும் பணம் பயணம் செய்தவருக்குத்தான். அவர்களுடைய படிவத்தில் ஐரோப்பிய வங்கி எண்ணைத் தவிர வேறு எதையும் எழுத முடியாது. கச்சிராயபாளையத்து வங்கிக் கணக்கை அந்தக் கட்டம் வாங்கிக்கொள்ளவில்லை. எழுத்து குறைகிறது என்று சிவப்பில் காட்டியது. என் கணக்கில் போடச் சொல்லி அக்காவிடம் கைரேகைக் கடிதம் வாங்கி அனுப்பினேன். கையெழுத்து வேண்டும் என்றார்கள். பாஸ்போர்ட்டிலேயே கைரேகைதான் இருக்கிறது, பாருங்கள் என்று எழுதினேன். மூன்று வாரம் பதில் இல்லை. ஒரு நாள் எதுவும் சொல்லாமல் பணம் வந்து விழுந்தது.

அதை அன்றே அக்காவுக்கு அனுப்பினேன். அதோடு, இரண்டு வருடமாக நான் சேர்த்து வைத்திருந்ததையும் சேர்த்து அனுப்பினேன். பாயின் இடம் போய்விட்டது. ஆனால் இன்றைய விலையில் வடக்கனந்தல் பக்கமாவது மூன்று சென்ட் வாங்க அது போதும். அக்காவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. இடத்துக்கு வைத்துக்கொள் என்று மட்டும் குரல் செய்தி அனுப்பினேன். அதை அனுப்பிய அன்று நிம்மதியாக வேலை செய்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்பதாம் நாள் கள்ளக்குறிச்சி வங்கியில் என் பெயரில் இருக்கும் பழைய கணக்கில் பணம் வரவு வைக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. என்னுடைய பங்கு மட்டும், சில்லறை பிசகாமல் திரும்பியிருந்தது. அக்காவை அழைத்தேன். அங்கே விடிகாலை. கரும்பு வெட்டுக்கு ஆள் ஏற்றும் வண்டிக்காக ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, பணத்தத் திருப்பிப் போட்டுட்டே?"

"ஆமா. பேங்க்குல மேடம் எழுதிக் குடுத்தாங்க. கம்பனிக்காரன் குடுத்தத எடுத்துக்கினேன். அதுல பின்செவுர ரெண்டடி ஒசத்திட்டேன், சிமெண்டுலயே. உன்னுது இன்னாத்துக்கு?"

நான் சொல்லிவிட முடிவு செய்தேன். "அக்கா, டாக்டரு அப்பவே நடக்கலாம்னு சொல்லிட்டாரு. நான் உன்கிட்ட மறைச்சிட்டேன்."

யாரோ அவளிடம் நேரம் கேட்பதும், அவள் சொல்வதும் கேட்டது.

"தெரியும்" என்றாள். "குப்பையக் கொட்டப் போறப்ப கீழேந்து ஜன்னல்ல பாத்தேன். நீ கோலு இல்லாம நடந்துகினு இருந்தே."

"தெரிஞ்சுமாக்கா இருந்தே?"

"நீ கேட்டியே. அதான் இருந்தேன்."

"என்மேல கோவம் இல்லியா?"

"இருந்திச்சி. இப்பவும் இருக்குது. வாய்க்கால்ல தண்ணி வந்தா ஜாஸ்தியாவும், வத்துனா கம்மியாவும்." அவள் குரலில் ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லை. "கம்பனிக்காரன் யாரோ எவனோ. அவன் குடுத்தா வாங்கிகினு போயிடலாம். நீ குடுத்து நான் வாங்கிக்கினா, அப்பால உன்னாண்ட கோவப்படறதுக்கு எனக்கு இன்னா இருக்குது? நீயே வெச்சிக்கோ. வண்டி வந்துட்ச்சி."

அந்தப் பணம் இன்னும் அந்தக் கணக்கிலேயே கிடக்கிறது. எடுக்க மனசு வரவில்லை. மறுபடி அனுப்பவும் துணிச்சல் இல்லை.

கடந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவே அழைத்தாள். கல்வராயன் மலையில் மூன்று நாளாக மழையாம். அணையைத் திறக்கப் போவதாக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்களாம்.

"செவுரு தாங்குமாக்கா?"

"தெரில. தாங்கலன்னா ஒனக்குத்தான் போன் பண்ணுவேன். எடுத்துத் திட்டு வாங்கிக்கோ."

"சரிக்கா."

அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை, நானும் துண்டிக்கவில்லை. கைப்பேசியைக் கையில் பிடித்தபடியே அவள் வீட்டின் பின்பக்கம் நடந்து போனாள் போலிருக்கிறது. தண்ணீர் வரத் தொடங்கியிருந்த சத்தம் எனக்குக் கேட்டது.